புள்ளி விழாத தட்டு

மாடியில் குடியிருந்த அக்கா தங்கை இருவரில் மூத்தவளுக்குப் புள்ளிக்காரி என்று பேர் வைத்தவள் நான்தான். குடிவந்த புதிதில், என்னம்மா வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். தட்டில் விழுகிற புள்ளியை எண்ணுகிற வேலை என்றாள். அதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளமா என்று சிரித்துவிட்டேன். என் வாய் அப்படி, சும்மா கிடக்காது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த தேநீர் ஆறிப்போகும்வரை எனக்குப் பாடம் நடத்தினாள்.

எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி, தலையில் தடவுவது, தரையில் தெளிப்பது என்று யார் எதைச் செய்தாலும் அதில் கொஞ்சம் சீசாவில் அடைத்து இவள் வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். உடம்புக்குள் இருக்கிற பிறவி எழுத்தை, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற அந்த எழுத்தை, அந்தப் பொருள் கலைக்குமா என்று பார்க்க வேண்டும். மனிதர்மேல் ஊற்றிப் பார்க்க முடியுமா? அதனால் கிருமிமேல் பார்க்கிறார்கள். அதற்கென்றே ஒரு கிருமி வைத்திருக்கிறார்கள். தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத அசட்டுக் கிருமி. அந்தச் சத்து இல்லாத தட்டில் விட்டால் அது வளராது. சந்தேகப்பட்ட பொருளை அதோடு கலந்து, உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். பொருள் பொல்லாததாக இருந்தால் கிருமிக்குள் எழுத்து மாறும். அப்படி மாறினதில் சிலதுக்கு மறந்துபோன வித்தை திரும்பி வந்துவிடும். வந்ததெல்லாம் வளர்ந்து தட்டில் புள்ளி புள்ளியாக நிற்கும். புள்ளி கூடினால் பொருள் ஆபத்து.

அப்படியானால் புள்ளியே விழாவிட்டால் ரொம்ப நல்லதா என்று கேட்டேன். அப்படி ஒரு தட்டு வராது அத்தை, எதையும் போடாமல் சும்மா வைத்தாலும் தானாக மாறுகிறது கொஞ்சம் இருக்கும், அதைவிட எவ்வளவு கூடுதல் என்றுதான் பார்ப்போம் என்றாள். நான் தலையாட்டிவிட்டுச் சட்டைக்குக் காஜா எடுக்கப் போய்விட்டேன். இதெல்லாம் நமக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன்.

சின்னவள் வேலை பார்த்தது துணிப்பூ செய்கிற பட்டறையில். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓட்டுக்கூரை போட்ட நீளமான கூடம். கஞ்சி போட்ட மெல்லிய துணியை அச்சில் வெட்டி இதழாக எடுப்பார்கள். சாயப்பொடியை ஸ்பிரிட்டில் கரைத்துக் கிண்ணங்களில் வைத்திருப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, இதழின் ஓரத்தை மட்டும் தொட்டெடுத்து, விரலால் நசுக்கி நசுக்கி நிறத்தை உள்ளே பரவவிட வேண்டும். ஓரம் அடர்த்தியாகவும் நடு வெளிறியும் இருந்தால்தான் அது நிஜப்பூ மாதிரி இருக்கும். பட்டறையில் கையுறை வாங்கி வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டால் ஈர இதழ் ரப்பரில் ஒட்டிக் கிழிந்துவிடும். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையால் செய்வார்கள். சின்னவள் கை மணிக்கட்டு வரைக்கும் ரோஜா நிறம். சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால்தான் சாப்பிடுவாள், அந்தக் கையால்தான் என் கன்னத்தைக் கிள்ளுவாள்.

தாய் தகப்பன் இல்லை. பெரியவள்தான் வளர்த்தது, படிக்கவைத்தது, ஒரு லாரி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தது. தனக்கென்று கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்துபோய் விடுவாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் வீட்டில் இருக்கிற நாள் குறைவு. போன வருஷம் சின்னவளுக்குக் கரு நான்காம் மாதத்தில் கலைந்தது. உண்டானதிலிருந்தே, வேலைக்குப் போகாதே, படுத்தே கிட என்று எல்லோரும் சொல்ல, அந்தப் பெண்ணும் படுத்தே கிடந்து, நாளெல்லாம் தன் வயிற்றையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் அது போயே போனது. அதனால் இந்தத் தடவை உண்டானதும், நான் வீட்டில் உட்காரமாட்டேன், உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பெரியவளுக்கோ அந்த ரோஜா நிறக் கை கண்ணை உறுத்தியது. சாய மேசையை விட்டு எழுந்திரு என்று ஓயாமல் சொல்லி, பூவைப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டாள். அது நின்றுகொண்டே செய்கிற வேலை. கொஞ்ச நாளில் சின்னவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் துணியில் லேசாக ரத்தம் பட்டதும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆனால் நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலையாக இருந்தால் செய் என்றார். பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான். சாய மேசை.

அக்காளும் தங்கையும் அன்றைக்கு மாடியில் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டிருக்கும். கடைசியில் பெரியவள், கொஞ்சம் பொடி கொண்டுவா, நானே போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றாளாம். சின்னவள் மறுநாள் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டுப் போடுகிற ஆள் வேறு, அதைப் பார்த்து எண்ணுகிற ஆள் வேறு. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் இருக்கும். நம் பெரியவளோ யாருக்கும் சொல்லாமல், வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பின பிறகு, மிச்சம் இருந்த தட்டுகளில் தானே போட்டாள். தானே எடுத்து எண்ணினாள்.

எண்ணின அன்றைக்கு நல்ல மழை. குடையை விரிக்கக்கூட மறந்து நனைந்தபடி ஓடிவந்தவள், என் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். "ஒண்ணுமே இல்ல அத்தை. தட்டு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவள் சிரித்து நான் அவ்வளவு நாளும் பார்த்ததில்லை. மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து கஞ்சியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தோம். சின்னவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். இவ்வளவு நாளும் என்னைப் போட்டுப் பாடுபடுத்தினாயே, இனிமேல் என் கையைப் பற்றி ஒரு பேச்சுப் பேசக்கூடாது என்று அக்காளைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த நாளே சாய மேசைக்குப் போய்விட்டாள். கால் வீக்கம் வடிந்தது, முகம் தெளிந்தது. வயிறும் மெல்ல மெல்ல மேடிட்டது.

சில வாரம் போயிருக்கும். ஒரு நாள் பெரியவள் வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடிக்குப் போகவில்லை. என் மெஷின் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. சின்னவளுக்கு என்ன என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போனது என்றாள்.

விஷயம் இதுதான். பரிசோதனைக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி, ஏதோ கம்பெனி அனுப்பின சாமானைப் பார்த்துவிட்டுப் புள்ளி குறைவு, நல்ல பொருள் என்று சொல்லியிருக்கிறாள். பெரியவள் எழுந்துபோய் அவளைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறாள். புள்ளியை மட்டும் பார்த்தால் போதுமா, அடிப்படலம் இருக்கிறதா என்று பார்த்தாயா என்று. தட்டில் புள்ளிக்கு அடியில், மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்க வேண்டுமாம். கிருமி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கிருமிக்குச் செய்யத் தெரியாத அந்தச் சத்தைக் கொஞ்ச நேரத்துக்குப் போதுமான அளவு தட்டில் வைத்திருப்பார்கள், அதைத் தின்று கொஞ்சம் பெருகி நிற்கும். அதுகூட இல்லை என்றால், பொருளின் காரம் தாங்காமல் கிருமியே செத்துவிட்டது என்று அர்த்தம். செத்தது எங்கே புள்ளி வைக்கும்? இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் நாக்கு நின்றுவிட்டது. தன் தட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

"நான் பொடிய அளவுக்கு மேல போட்டேன் அத்தை" என்றாள். "நாங்க வழக்கமா போடறத விடப் பல மடங்கு. கொஞ்சமா போட்டு எதையாவது தப்ப விட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன். எங்க தங்கச்சி ஆச்சே. தட்டெல்லாம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. அந்த நெறத்துல அடிப்படலம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பாக்கணும். நான் பாக்கல."

"ஏன் பாக்கல?" என்றேன்.

"நல்லதா வரணும், நல்லதா வரணும்னு சொல்லிக்கிட்டே தட்ட எடுத்தேன். நல்லதா தெரிஞ்சதும் மூடி வெச்சுட்டேன். சும்மா வெச்ச தட்டுல வர்ற நாலஞ்சு புள்ளி கூட அதுல இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நாங்க போட்ட தட்ட நாங்களே பாக்கக் கூடாதுன்னு இதுக்குத்தான் வெச்சிருக்காங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. சரி, எழுந்திரு, அவளிடம் போய்ச் சொல்லுவோம் என்று கையைப் பிடித்து அழைத்துப்போனேன்.

சின்னவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை முட்டையில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் லேசாக நிறம் ஏறியிருந்தது. என்னக்கா முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள்.

"நான் அன்னிக்கு சொன்னது தப்புடி."

"எது?"

"பொடி. சுத்தம்னு சொன்னேன்ல. அது சுத்தம்னு எனக்குத் தெரியாது. நான் போட்ட அளவுல கிருமியே செத்துப்போச்சு. அதப் பாக்காம விட்டுட்டேன்."

"நீயா பாக்காம விட்ட?"

பெரியவள் தலையைக் குனிந்தாள்.

"அப்ப கெட்டதா அது?"

"அதுவும் தெரியாது. மறுபடி ஒழுங்கா போட்டுப் பாக்கணும்."

சின்னவள் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், நிறுத்துகிற வழியாக இல்லை. தோல் உரிகிறது விடு என்று நான்தான் பிடுங்கி எறிந்தேன். அக்கா பக்கத்தில் வந்தபோது, கிட்டே வராதே என்று ஒரே வார்த்தை சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் பெரியவள் தன் மேலதிகாரியிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்தம்மா, வெளிச் சாமானைச் சொல்லாமல் உள்ளே கொண்டுவந்ததற்கு ஒரு பாட்டம், தன் வீட்டு விஷயத்தைத் தானே எண்ணிப் பார்த்ததற்கு ஒரு பாட்டம் என்று நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டு, அந்தப் பொடியைக் கொண்டுவா, நம்பர் போட்டு முறைப்படி பார்ப்போம் என்றாளாம். இந்தத் தடவை போட்டது ஒருத்தி, பார்ப்பது இன்னொருத்தி. இவளை அந்த அறைப் பக்கமே விடவில்லை.

முடிவு வரும்வரை சின்னவள் பட்டறைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போன வருஷம் மாதிரியே, வயிற்றில் கை வைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரே அறைக்குள் இருந்துகொண்டு இருவரும் என் மூலமாகத்தான் பேசினார்கள். கஞ்சி வேண்டுமா என்று கேளுங்கள் அத்தை என்பாள் ஒருத்தி. வேண்டாம் என்று சொல்லுங்கள் அத்தை என்பாள் மற்றவள். நான் என்ன தபால்காரியா, எனக்குத் தைக்கிற வேலை மலையாகக் கிடக்கிறது என்று கத்திவிட்டுக் கீழே வந்துவிடுவேன். கீழே வந்தால் இருப்புக் கொள்ளாது. துணி வெட்டினால் கோணலாக வெட்டும். மறுபடி மாடி ஏறுவேன்.

முடிவு வந்த அன்றைக்கு மாப்பிள்ளையும் ஊரிலிருந்து வந்திருந்தார். பெரியவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று சொன்னாள். கிருமி சாகாத அளவில் பொடியைப் போட்டுப் பார்த்ததில், வெறும் பொடி மட்டும் போட்ட தட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. கல்லீரல் சாறு சேர்த்த தட்டில்தான் புள்ளி கொட்டிக் கிடந்ததாம். சில சாமான் வெளியே இருக்கும்வரை சாதுவாக இருக்குமாம். உடம்புக்குள் போய், கல்லீரல் அதைச் சுத்தம் செய்கிறேன் என்று கைவைத்த பிறகுதான் கெடுதலாக மாறுமாம். அதற்காகத்தான் எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த சாற்றைச் சேர்த்துப் பார்ப்பதாம். முதல் தடவை இவளும் அதைச் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறாள். செத்த கிருமிக்கு எதைச் சேர்த்து என்ன.

மாப்பிள்ளைதான், "இது கிருமிக்குத்தானே? மனுசனுக்கு ஆகும்னு இல்லயே?" என்றார்.

"ஆகும்னு சொல்ல முடியாது. ஆகாதுன்னும் சொல்ல முடியாது."

"பின்ன எதுக்கு இந்த டெஸ்ட்டு?"

"இனிமே தொடாம இருக்கிறதுக்கு."

அவருக்குக் கோபம் வந்து, தொட்டாகிவிட்டதே என்று சுவரில் ஓங்கிக் குத்தினார். இவ்வளவுக்கும் பிறகு சின்னவள் கேட்டது எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "நான் எந்திரிச்சு வந்துட்டேன் அத்தை. என் எடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா, தெரியுமா?"

முதலாளியம்மாவின் மகள்தான் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிச் சில மாதமே ஆன பெண். மறுநாள் நாங்கள் மூன்று பேரும் பட்டறைக்குப் போனபோது அவள் குனிந்து இதழ் தொட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் சிரித்தாள். கூரையடியில் கம்பி கட்டி, ஆயிரக்கணக்கில் பூவைக் காயப்போட்டிருந்தார்கள். அவ்வளவு பூ இருந்தும் கூடத்தில் ஸ்பிரிட் நெடிதான்.

முதலாளியம்மா என்றால் நாற்காலியில் சாய்ந்திருக்கிற ஆள் இல்லை. அவளும் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து செய்கிறவள்தான். இருபது வருஷமாகச் சாயம் ஏறி ஏறி அவள் நகமெல்லாம் கருஞ்சிவப்பாக இருக்கும். பெரியவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். மற்ற பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"போன மாசம் இவதான் வந்து, எங்க அக்கா பாத்துட்டா, பொடி சுத்தம்னு சொன்னா" என்றாள் முதலாளியம்மா. "நாங்களும் நிம்மதியா இருந்தோம். அதுக்கு அப்புறம்தான் என் பொண்ணையும் உக்கார வெச்சேன். இப்ப நீங்களே வந்து கெட்டதுங்கறீங்க. அடுத்த மாசம் வந்து வேற ஒண்ணு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? எதம்மா நான் நம்பறது?"

பெரியவள் என்ன சொல்வாள்? கேட்டது நியாயம். எனக்குப் பேச வாய் துறுதுறுத்தது, ஆனால் எனக்கு மட்டும் என்ன தெரியும். மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தி மறுபடி இதழைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் சின்னவள் முன்னால் வந்தாள்.

"மொதத் தடவ சொன்னது எனக்காகச் சொன்னதும்மா. நான் நல்லா இருக்கணும்ங்கற ஆசையில சொன்னது. அவளே பாத்து அவளே சொன்னா. இந்தத் தடவ பாத்தது வேற ஆளு. அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. எங்க அக்கா வந்து தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லாம இருந்திருந்தா, நான் இப்ப அந்த முக்காலியிலதான் உக்காந்திருப்பேன். வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது? சொன்னா பாருங்க. அத நம்புங்க."

நாலு பேர் முன்னால் அந்தப் பெண் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முதலாளியம்மா தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் கிண்ணத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள், புடவையில் நிறம் படுவதுகூடத் தெரியாமல். முதலாளியம்மா எழுந்து ஆணியில் தொங்கின கையுறைகளைப் பார்த்தாள், கம்பியில் தொங்கின பூவைப் பார்த்தாள். பிறகு வரிசையாகக் கிண்ணங்களை மூடிக்கொண்டு வந்தாள். வேறு கடையில் வேறு பொடி வாங்கிவந்தால் பார்த்துச் சொல்வீர்களா என்று பெரியவளைக் கேட்டாள்.

"கொண்டு வாங்க. ஆனா நான் பாக்க மாட்டேன். வேற ஆள் பாப்பாங்க" என்றாள் பெரியவள்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் சேறு. நான் பின்னால் நடந்தேன். சின்னவளுக்கு வழுக்குமோ என்று பெரியவள் கையை நீட்டுவதும், நீட்டின கையை மடக்குவதுமாக வந்தாள். பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தெருமுனையில் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் சின்னவளே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு என் தயவு இல்லாமல் அக்காளிடம் பேசினாள்.

"அக்கா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியாதுடி."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"பொய்யாவாச்சும் சொல்லேன்."

"அது ஒரு தடவ சொல்லியாச்சு" என்றாள் பெரியவள். சின்னவள் கையை விடவில்லை. இருவரும் ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார்கள்.